எஞ்சின் ஓடினால்தான் பாட்டு

பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருந்த ஜுனைதீன், கார் ஓட்ட அனுமதி கேட்ட மகள் நபீலாவை ஒரே பேச்சில் அடக்கிவிட்டார்.

"பொம்புளப் புள்ளைக்குச் சாவி எதுக்கு? காருக்குள்ள இருந்து ரேடியோ கேளு, போதும்."

அன்றுமுதல் அவளும் அதையே செய்தாள். காரில் சிகரெட் பற்றவைக்கும் துளையில் ரேடியோவைச் செருகி, மாலை முழுவதும் பாட்டுக் கேட்டாள். காலையில் பற்றரி செத்துக் கிடக்கும். தெருவில் போவோரையெல்லாம் கூப்பிட்டுக் காரைத் தள்ளவைத்தே ஜுனைதீன் கடைக்குப் போனார்.

"சாவியைத் திருப்பினாத்தான் ரேடியோவுக்குக் கரண்டு வாற மாதிரி வயரை மாத்துங்க வாப்பா. எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டா பற்றரி எறங்காது" என்றாள் நபீலா.

யோசனை அவருக்குப் பிடித்துப்போயிற்று. மெக்கானிக் இராசையா வயரை மாற்றிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கு நடந்து புறப்பட்ட ஜுனைதீன், சாவியை மகளிடம் நீட்டினார்.

"ஸ்டார்ட் பண்ணிப் பாட்டுக் கேளு. கியர்ல மட்டும் கை வைக்கப்படாது."

தொழுகை முடிந்தபோது மழை கொட்டியது. வாசலில் ஒதுங்கி நின்றவர்கள் பார்த்திருக்க, அவருடைய கார் வளைந்து மேடேறி வந்து, படியருகே அலுங்காமல் நின்றது. ஓட்டி வந்தவள் நபீலா.

"ஏறுங்க வாப்பா. மாமாட கார்ல பழகி லைசனும் எடுத்தாச்சு. உங்கட சாவிதான் கெடைக்காம இருந்திச்சு."



"மகளுக்கு ஓட்டத் தெரியுமா?" என்று வியந்தார் பக்கத்துக் கடை மஹ்ரூப்.

ஜுனைதீன் நிமிர்ந்து நின்றார்.

"தெரியாமலா சாவியக் குடுத்தேன்?"