அம்மாவின் ஒரே ஆணை

“உங்கம்மா அந்த ஒரு ஆணைய யாருக்கும்மா வச்சிருக்காங்க?” நான் படிப்பை நிறுத்துவதற்கு முன் கணக்கு டீச்சர் வகுப்பிலேயே கேட்டார்.

எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்க வேண்டும், யாருக்கு முதலில் சிகிச்சை என்பதையெல்லாம் கணினிதான் முடிவு செய்கிறது. சுகாதாரத் துறை இயக்குநர் மட்டும் தன் பணிக்காலத்தில் ஒரே ஒருமுறை அதை மீறி ஆணையிடலாம். மாவட்ட மருத்துவராகத் தொடங்கி இயக்குநரான என் அம்மா, ஓய்வுபெறுவதற்கு முந்தின நாள்வரை அந்த உரிமையைத் தொடவில்லை.

ஓய்வுபெறும் நாளின் மாலை அம்மாவின் அண்ணன், செண்பகராமன் மாமா வந்தார். அவர் மாற்றுச் சிறுநீரகத்துக்கு வரிசையில் காத்திருப்பவர்.

“குமுதா, இன்னைக்குத்தானே கடைசி நாள்? என் பேரை மேல ஏத்திவிடு.”

“காலையிலேயே ஆணை போட்டுட்டேண்ணே. கடம்பமலை பிரசவ வார்டைக் கணினி மூடச் சொல்லுச்சு. மூடக்கூடாதுன்னு போட்டேன்.”

“அங்க வருசத்துக்கு நாலு பிரசவம் நடக்குமா? கூடப் பொறந்தவனைவிட அது பெருசாப் போச்சா?”

“அந்த நாலு பேரும் வலியோட மலை இறங்கணும்ணே. உங்களுக்கு டயாலிசிஸ் இருக்கு. இனிமே நானே கூட்டிட்டுப் போறேன்.”

அம்மா மாமாவை நேராகப் பார்த்துச் சொன்னார். தலை குனியவில்லை. படிப்பை நிறுத்தியதிலிருந்து யார் வந்தாலும் உள்ளே ஒளிந்துகொள்ளும் நான், அன்று போய் அம்மாவின் பக்கத்தில் நின்றேன்.

மாமா எங்கள் இருவரையும் பார்த்தார். பாதிக் காபியோடு டம்ளரை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.