தங்க விளிம்பு

"மோதிரத்துல நாலு தங்க நகம் வெச்சுக் கல்லைத் தூக்கிப் பிடிக்கிற வேலையெல்லாம் வேண்டாம். சுத்திலும் தங்க விளிம்பு குடுத்து, அமுக்கிப் பதிச்சிருங்க" என்றாள் மாமியாராகப் போகிற ஜசுபென்.

ஹேத்தலுக்குச் சுருக்கென்றது. அப்படிப் பதித்தால் கல் பாதிதான் வெளியே தெரியும். சூரத்தில் பிறந்த பெண்ணுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. மோதிரம் மாப்பிள்ளை வீட்டார் போடுவது. கல் மட்டும் ஹேத்தலின் அப்பா வல்ஜிபாய் கொடுத்தது.

முப்பத்தியொரு வருஷம் வைரத்துக்குப் பட்டை தீட்டியவர் அவர். கண் மங்கி வேலையை விட்டபோது, முதலாளி தீட்டாத கல் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார். மகளுக்கு இடம் அமைந்ததும் பழைய பட்டறைக்கே போய், நாலு மத்தியானம் சக்கரத்தின் முன் உட்கார்ந்து, தானே தீட்டி முடித்தார். போன வாரம்தான் அதைக் காகிதத்தில் மடித்துச் சம்பந்தியம்மா கையில் கொடுத்திருந்தார்.

கடையில் கல் பதிக்கும் தன்சுக்பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜசுபென் விடவில்லை. நாளைக்குக் கல்யாணம் ஆனால் மாவு பிசைய வேண்டும், பாத்திரம் தேய்க்க வேண்டும், மோதிர நகத்துக்கு இடையிலெல்லாம் அழுக்குச் சேரும் என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

"கல்லு நல்லாத் தெரிஞ்சா நாலு பேர் பார்ப்பாங்களே, அத்தை" என்றாள் ஹேத்தல் மெதுவாக.

"பார்க்கிறதுக்கா கல்யாணம் பண்றோம்?"

வல்ஜிபாய் மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, உங்கள் விருப்பப்படியே ஆகட்டும் என்று எழுந்துவிட்டார்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது வராச்சா ரோடு முழுக்க நெரிசல். அப்பா பின்னால் உட்கார்ந்து வந்தார். மேம்பாலம் ஏறும்போதுதான் வாயைத் திறந்தார்.

"போட்டுக்கிற உனக்குத் தெரியும்ல, உள்ள என்ன இருக்குன்னு. அது போதும்மா."

வீட்டுக்கு வந்ததும் ஹேத்தல் மாப்பிள்ளை மிதேஷுக்குப் போன் போட்டாள். அம்மா ஒன்று சொன்னால் சொன்னதுதான், இந்தச் சின்ன விஷயத்துக்கு எதற்குச் சண்டை என்று அவன் கொட்டாவி விட்டபடி சொன்னான். அலைந்து அலைந்து அவளுக்கும் சலித்துப்போயிருந்தது. புடவை, மண்டபம், சாப்பாடு என்று இரண்டு மாதமாக எல்லாவற்றுக்கும் தலையாட்டியாகிவிட்டது. இதற்கும் ஆட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அப்பாவின் அந்த இரண்டு கைகள் கண்ணை விட்டுப் போகவில்லை.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தனியாகக் கடைக்குப் போனாள்.

தன்சுக்பாய் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். கல்யாண சீசனில் குனிந்த தலை நிமிரவே இல்லை என்றார். அவள் வந்த விஷயத்தைச் சொன்னதும், மூடியே இருக்கட்டும்மா, அதுதான் மோதிரத்துக்குப் பலம் என்றார். அவரே அதை நம்பிச் சொன்ன மாதிரி இல்லை.

"எங்கப்பா தீட்டின கல்லு மாமா இது. அதை ஒளிச்சு வெச்சுப் போட்டுக்க என்னால முடியாது. நகம் வெச்சுப் பதிங்க, அத்தைகிட்ட நான் பேசிக்கறேன். முடியாதுன்னா கல்லைத் திருப்பிக் குடுத்துடுங்க. இந்த மோதிரமும் வேண்டாம், இந்தச் சம்பந்தமும் வேண்டாம்."

தன்சுக்பாய் பொட்டலத்தைப் பிரித்து, கல்லைச் சாமணத்தால் எடுத்து அவள் கையில் கொடுத்தார். கூடவே லென்ஸையும்.

"ஓரத்தைப் பாரு" என்றார்.

ஜன்னல் பக்கம் திரும்பி, லென்ஸைக் கண்ணில் வைத்துக் கல்லை மெல்லத் திருப்பினாள். முதலில் பளபளப்புதான் தெரிந்தது. அப்புறம் ஓரத்தில் ஓர் இடத்தில் சில்லு பெயர்ந்திருப்பது கண்ணில் பட்டது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். இன்னோர் இடம், அதைவிடப் பெரிசு. அந்தப் பக்கத்துப் பட்டையே கோணலாக ஓடியிருந்தது.

மங்கிப்போன கண்ணோடு அப்பா சக்கரத்தின் முன் குனிந்து உட்கார்ந்திருந்த நாலு மத்தியானங்களும் அவள் நினைவுக்கு வந்தன. தீட்டி முடித்த அன்று, எப்படி இருக்கு என்று குழந்தை மாதிரி கேட்டாரே. லென்ஸ் இல்லாமலே பார்த்துவிட்டு, சூரத்திலேயே இப்படி ஒரு கல் கிடையாது என்று சொன்னவள் அவள்தான்.

கல்லைக் காகிதத்தின் மேல் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"விளிம்பே வெச்சிருங்க மாமா. கொஞ்சம் தூக்கலாவே வெச்சிருங்க. அப்பாவுக்கு இது தெரிய வேண்டாம்."

அவர் தலையசைத்தார்.

வாசல் வரை போனவள், செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள்.

"அத்தைக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா ஆயுசுக்கும் எங்கப்பாவைச் சொல்லிக் காட்டுவாங்க."

தன்சுக்பாய் விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேலையில் குனிந்தபடியே சொன்னார்:

"நேத்து நீங்க ரெண்டு பேரும் வர்றதுக்கு அரைமணி முன்னாடியே வந்து, எனக்கு அந்த ஓரத்தைக் காட்டினதே அவங்கதாம்மா."