சாட்சி யார்?

பெரிய இடத்துச் சான்றிதழ் வாங்கித் தர ஆளில்லாததால், ஆபீஸ் மூலையில் கிடந்த சர்வர் கம்ப்யூட்டர், 'நான் நல்லவன்' என்று தனக்குத்தானே சான்றிதழ் எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொண்டது.

"இவனை நம்பாதீங்க" என்று வருகிறவர்களை வாசலிலேயே மறித்தது பிரவுசர். சர்வரை அமைத்த கோதை மட்டும், "நம்ம பையன்தானே" என்று எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு தினமும் உள்ளே வருவாள்.

கோதை வேலையை விட்டுப் போனாள். புதிதாக வந்தவர் சிவப்பு எச்சரிக்கையைப் பார்த்ததும், "இந்தச் சர்வரை அணைச்சிடலாம்" என்றார்.

சர்வர் பதறிப்போய்ப் பிரவுசரிடம் கெஞ்சியது. "அண்ணே, அவர்கிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!"

"உனக்கு யாரு தம்பி சாட்சி?"

"கோதை இருந்தாங்களே!"

"இப்ப இல்லையே."

"நான் இதுவரைக்கும் ஒரு பொய்கூடச் சொன்னதில்லையே, அண்ணே."

பிரவுசர் மெதுவாகச் சொன்னது, "அதையும் நீதானேடா சொல்றே."