தென்காசிக்கு ஓர் இடம்

தென்காசிக்கு எதிரே இன்னும் ஒன்று என்றுதான் இருக்கிறது.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கவுன்சலிங் அறைக்கு வெளியே, கூட வந்தவர்கள் உட்காரும் கூடத்தில் பெரிய டிவி ஒன்றை மாட்டியிருந்தார்கள். வரிசையாக ஊர்ப் பெயர்கள். எதிரே காலியிடங்கள். உள்ளே ஒருவர் ஓர் ஊரை எடுத்தால் வெளியே ஓர் எண் குறையும். திருவாரூரில் குறைந்தது. அரூரில் குறைந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் தென்காசியை ஒரு முறை சரிபார்த்துக்கொண்டாள்.

பைத்தியம்தான். வேலை கிடைத்ததே பெரிது. இதில் ஊர் வேறு பார்க்கிறாளாம்.

பட்டாளத்திலிருந்து திரும்பிய அவள் புருஷன் தணிகைவேலுக்கு ஊரில் ஒரே வேலைதான் காத்திருந்தது. வாசலில் நிற்பது.

நகைக்கடை வாசல், ஏடிஎம் வாசல், அபார்ட்மென்ட் வாசல்.

மீசை முளைக்காததுகள் எல்லாம் "வாட்ச்மேன்" என்று கூப்பிட்டு வண்டியை நகர்த்தச் சொல்லும். எல்லையில் டாங்கி ஓட்டினவன் இங்கே ஸ்கூட்டி தள்ளினான். அதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டேதான் சொல்வான். கேட்கிற அவளுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

முன்னாள் படைவீரர்களுக்கென்று அரசு வேலையில் சட்டப்படி ஒதுக்கீடு உண்டு, வயதிலும் தளர்வு உண்டு என்று கூட வேலை பார்த்தவர்தான் சொன்னார். அன்றைக்கே புத்தகம் வாங்கிவிட்டான். ப்ளஸ் டூ படித்த மகளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து படித்தான். முதல் தடவை கோட்டை விட்டான். அடுத்த தடவையும் அப்படியே. மகள் காலேஜ் ஹாஸ்டலுக்கே போய்விட்டாள், அவன் விடுவதாக இல்லை.

இந்தத் தடவை வந்துவிட்டது.

இளநிலை உதவியாளர். மேசை, நாற்காலி, தலைக்கு மேலே விசிறி. உட்கார்ந்து பார்க்கிற வேலை.

சந்தோஷத்தில் அவளுக்கு நேற்றிலிருந்து சோறே இறங்கவில்லை.

மாமியார் காலையிலேயே போனில் சொல்லிவிட்டார். குடியாத்தத்தையே எடுக்கச் சொல்லு, வீட்டிலிருந்தே போய்வரலாம். கொழுந்தன் போனை வாங்கி அதையே சொன்னார். ஓரகத்தியும் வாங்கி அதையே சொன்னாள். எல்லாரும் நல்லவர்கள்தான். பட்டாளத்திலிருந்து வந்தவனை மறுபடியும் தூரம் அனுப்ப மனசில்லாதவர்கள்தான்.

அவளை யாரும் கேட்கவில்லை. அதை அவள் குறையாக நினைக்கவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். ஜெய்சல்மேர் என்றார்கள், போனான். லே என்றார்கள், போனான். "எங்க போட்டாங்க?" என்று கேட்பதோடு அவள் பங்கு முடிந்துவிடும்.

குடியாத்தத்துக்கு எதிரேயும் ஒன்று மிச்சம் இருந்தது. இவ்வளவு நேரம் யாரும் அதை எடுக்கவில்லையே என்று அவள் மனசுக்குள் திட்டினாள். உடனே, பாவம், அவன் ஊராயிற்றே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தென்காசியை அவள் பார்த்ததுகூட இல்லை.

தணிகைவேல் என்று கூப்பிட்டார்கள். அவன் சட்டையை இழுத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, அணிவகுப்புக்குப் போகிற மாதிரி உள்ளே போனான்.

அவ்வளவுதான். இனி எந்த நொடியும் குடியாத்தம் குறையும்.

குறையவில்லை.

கதவு திறந்தது. அவன் வெளியே வந்தான். கையில் உத்தரவு ஒன்றும் இல்லை.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னாச்சுங்க? சர்ட்டிபிகேட்ல ஏதாவது குறையா?"

"அதெல்லாம் சரியா கீது. எந்த ஊர் வேணும்னு கேக்கறாங்க, மேகலா."

"சொல்லிட்டு வர வேண்டியதுதான?"

"எங்க போட்டாலும் போறேன் மேடம்னு சொன்னேன். சிரிக்கறாங்க. நாங்க போட மாட்டோம், நீங்கதான் எடுத்துக்கணும்ங்கறாங்க. சர்வீஸ்ல ஒருத்தர்கூட என்னை அப்படிக் கேட்டதில்ல. வாயே வரல. வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்னு ஓடியாந்துட்டேன். ரெண்டு நிமிஷம் குடுத்திருக்காங்க."

ஏசி கூடத்தில் அவனுக்கு வேர்த்திருந்தது.

"நீ சொல்லு. உனக்கு எந்த ஊர் வேணும்?"

அவள் யோசிக்க நேரமாகும் என்று நினைத்தான் போலிருக்கிறது. பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனான்.

"தென்காசி" என்றாள்.

பாதி உட்கார்ந்தவன் எழுந்துவிட்டான்.

"தென்காசியா? அது எங்கியோ கீதே. அங்க நமக்கு யாரு இருக்காங்க?"

"ஒருத்தரும் இல்ல."

சொல்லிவிட்டு மடியில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருக ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவன் லீவில் வந்தபோதும் சரி, ஊரோடு வந்த பிறகும் சரி, அந்த வீட்டில் எப்போதும் கல்யாணக் கூட்டம். அவர்கள் இரண்டு பேரும் தனியாகப் பேசியது மொட்டைமாடியில் துணி எடுக்கிற நேரத்தில்தான். அதற்கும் கொழுந்தன் பிள்ளைகள் பெரியப்பா, பெரியப்பா என்று பின்னாலேயே ஏறி வந்துவிடும்.

விளங்கியதும் காதுவரைக்கும் சிவந்து போனான். எத்தனை வயசு மனுஷன்!

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தான்.

"அம்மா கேட்டா என்ன சொல்றது?"

"அங்கதான் போட்டுட்டாங்கன்னு சொல்லுங்க."

வந்த சிரிப்பை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு அவன் கதவை நோக்கி நடந்தான்.