கண்மலர்

கண்மலரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

வெள்ளித் தகட்டில் அடித்த இரண்டு கண்கள். நடுவில் மையால் ஒரு புள்ளி. வெயிலில் கிடந்த தகடு கையைச் சுட்டது.

ஒன்று மட்டும் போதும் என்று கேட்டுப் பார்த்தான். கோயில் வாசல் கடைக்காரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கண்ண யாராச்சும் ஒத்தையா கேப்பாங்களாய்யா? ஜோடியாத்தான் வரும்."

நல்ல கண்ணையும் சேர்த்துக் கொடுப்பானேன் என்று அவனுக்கு ஒரு பயம். காசை எண்ணிக் கொடுத்தான்.

பக்கத்தில் அவன் மனைவி. வலது கண்ணில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நாளை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அந்தக் கண்ணை எடுத்துவிடுவார்கள்.

அதற்குள் அம்மனுக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்திவிட வேண்டும் என்று அவள்தான் ஒற்றைக்காலில் நின்றாள்.

கண்கட்டி என்றுதான் ஆரம்பித்தது.

மேல் இமையில், மிளகளவு. கண்கட்டி என்றால் அவன் கைராசிக்காரன். பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. ஆனால் கண்ணைப் பொத்திக்கொண்டு வரும் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அவன்தான் வைத்தியன். ஆள்காட்டி விரலை உள்ளங்கையில் பரபரவென்று தேய்த்து, அந்தச் சூட்டை இமைமேல் ஒற்றுவான். வெந்நீரில் பிழிந்த துணியை வைக்கச் சொல்வான். நகம் படக்கூடாது, பிதுக்கக்கூடாது என்று அதட்டுவான். ஒரு வாரத்தில் கட்டி உடைந்து, இருந்த இடம் தெரியாமல் போய்விடும். டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

ஊருக்கே செய்கிறவன் பெண்டாட்டிக்குச் செய்ய மாட்டானா?

செய்தான். காலையும் மாலையும். அவள் முகத்தை அண்ணாந்து கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். கல்யாணமான புதிதில்கூட அவன் அந்த முகத்தை அவ்வளவு நேரம் தொட்டதில்லை. உள்ளுக்குள் அவனுக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

கட்டி அமுங்கியது.

கண்மலர் போடுவதாக அவள் மாரியம்மனுக்கு வேண்டியிருந்தாள். அடுத்த மாதம் போகலாம் என்றான். லீவு கிடைக்கவில்லை.

அடுத்த மாதம் கட்டி அதே இடத்தில் வந்தது.

ஆத்தா ஞாபகப்படுத்துகிறாள் என்றாள் அவள்.

உடம்புச் சூடு என்றான் அவன். எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னான். நாமக்கட்டியை உரசிப் பூசினான். அமுங்கியது போலிருந்தது. மறுபடி வந்தது. இந்த முறை வலிக்கவே இல்லை. வலி நின்றுவிட்டதே, அப்புறமென்ன என்று மீசையை முறுக்கிக்கொண்டான். அந்த இடத்தில் மட்டும் இமைமுடி உதிர்ந்தபோது, துணியை அழுத்தி வைத்ததால் இருக்கும் என்று அவனே காரணமும் சொல்லிக்கொண்டான்.

தெருவுக்கு வரும் நர்ஸம்மா ஒருநாள் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, போகிறபோது வாசலில் அவனை நிறுத்தினாள்.

"திரும்பத் திரும்ப ஒரே எடத்துல வருது. முடி வேற கொட்டிருக்கு. இந்திராணியக்காவ பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணே. தள்ளிப் போடாதீங்க."

"கண்கட்டிக்கு ஆஸ்பத்திரியா? டிப்போவே என்னப் பாத்துச் சிரிக்கும்மா."

உள்ளே பாத்திரம் துலக்கும் சத்தம் சற்று நின்றது. பிறகு தொடர்ந்தது.

அது தை மாதம். இது ஆடி.

இமையில் ஒரு துணுக்கை வெட்டிச் சோதித்த டாக்டர், அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இது கண்கட்டியே இல்லை, புற்று என்றார். கண்ணுக்குப் பின்னாலும் பரவிவிட்டது என்றார். முதலிலேயே வந்திருந்தால் இமையில் ஒரு சின்னத் துண்டோடு போயிருக்கும், கண் தப்பியிருக்கும் என்றார்.

இத்தனை நாள் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தது யார் என்று கேட்டார்.

அவன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

வெளியே வந்து, கண்ணை எடுக்க வேண்டுமாம் என்று மட்டும் அவளிடம் சொன்னான். அவள் அழவில்லை. வேண்டுதலை நிறுத்தி வைத்தால் ஆத்தா சும்மா இருப்பாளா என்றாள்.

ஆடிக் கூட்டம் நெருக்கித் தள்ளியது. உண்டியல் முன்னால் அவள் கையை நீட்டினாள். கண்மலரைக் கொடுத்தான். அதை நல்ல கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போட்டாள்.

போட்டுவிட்டு நகரவில்லை.

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் திரும்பி, ஒற்றைக் கண்ணால் அவனை நேராகப் பார்த்தாள்.

"டாக்டரு ஒங்கள மட்டும் கூப்புட்டு என்ன சொன்னாரு?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தான். பஸ்ஸில் வழி நெடுக அதைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான். சன்னிதியில் அவள் காலில் விழவும் துணிந்திருந்தான்.

"சாமி குத்தந்தான்னாரு."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உண்டியலைப் பார்த்தான்.

பிறகு அவள் அம்மன் பக்கம் திரும்பி, பட்பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இவர மன்னிச்சிரு தாயே" என்றாள்.