அக்காவின் குரல்

ஊசிகளும் மாத்திரைகளுமாகச் சில மாதங்கள் போனபின், அக்கா மெர்சியின் கருவைத் தங்கை ரோஸ்லினின் வயிற்றில் வைத்தார்கள். மெர்சிக்குக் கருப்பை இல்லை. ஞாயிறுதோறும் கோயில் பூசை முடிந்ததும் நேரே வந்து, தங்கையின் வயிற்றில் கன்னத்தை வைத்து, "பாப்பா, அம்மா வந்திருக்கேன்" என்பாள். உள்ளே ஓர் அசைவும் இருக்காது. ஒருநாள் முகம் வாடிப்போய், "என்னைத் தெரியலடி அதுக்கு" என்றாள்.

"இன்னொரு தடவை கூப்பிடுக்கா" என்று ரோஸ்லின் சொன்னதுதான் தாமதம், அக்கா வாய் திறக்குமுன்பே அவள் கன்னத்தில் ஓர் உதை விழுந்தது.

"என் குரல் கேட்டுடுச்சுடி!" மெர்சி அழுதேவிட்டாள்.

"கேக்காம இருக்குமா?" என்றாள் ரோஸ்லின். அதற்கும் ஓர் உதை.

அன்றிலிருந்து ரோஸ்லின் வீட்டில் சைகையில்தான் பேசினாள். சேட்டை செய்யும் மகனை அதட்டுவதைக்கூட விட்டுவிட்டாள். தினமும் அக்காவுக்கு போன் போட்டு, ஒன்றும் பேசாமல் அதை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

பிரசவ வலியில் நர்ஸ், "வாய்விட்டுக் கத்தும்மா, பரவாயில்ல" என்றாள். ரோஸ்லின் போர்வை நுனியைப் பல்லில் கடித்தபடி தலையாட்டி மறுத்தாள். கதவோரம் நின்ற அக்காவைப் பார்த்து, நீ கூப்பிடு என்று கையைக் காட்டினாள்.