வெயிலில் ஓடும் வண்டி

"பச்சைப் பொய்!" என்றார் தாமோதரன். "அந்த வண்டி வெயில்ல ஓடலை. ஓடவும் ஓடாது."

தொழிலாளர் சங்கச் செயலாளர் ஆர்தர் தலையைச் சொறிந்தார். "தினம் ஓடுதே சார். கண்ணால பாக்கறமே."

தங்கச் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம். சுரங்கத்தில் வேலை போன எட்மண்ட், ஒரு பேட்டரி மூணு சக்கர வண்டியின் கூரையில் சோலார் பலகை ஒன்றை மாட்டிக்கொண்டு, பாறைத் தூசியில் நெஞ்சு கெட்டுப்போன தொழிலாளிகளை மைசூர் மைன்ஸ் சுரங்கக் குடியிருப்பிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார். புகை இல்லாத வண்டி. இருமல்காரர்களுக்கு அதுவே பெரிய நிம்மதி.

அதைச் சங்கத்து வண்டியாகவே வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்துச் சொல்லத்தான், ஒரு ஃபாக்டரியில் எலெக்ட்ரிகல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற தாமோதரனைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் ஆமாம் என்றால் எட்மண்டுக்கு நிலையான பிழைப்பு. இல்லை என்றால் அதுவும் போச்சு.

தாமோதரன் ஒரு பேப்பரை இழுத்துக் கணக்குப் போட்டார்.

"கூரை இத்தனூண்டு. பலகை அதைவிடச் சின்னது. படுக்க வெச்சு மாட்டினா வெயில் சாய்வாத்தான் விழும். மரத்தடியில போனா அதுவும் இல்ல. மேல தூசி வேற. நாள் பூரா காய்ஞ்சாலும் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போகலாம். திரும்பி வரணும்னா தள்ளணும்."

வாசலில் நின்றிருந்த எட்மண்டைக் கூப்பிட்டார். "நீ எத்தனை நடை போறே?"

"ஆளுங்க இருக்கறவரைக்கும் போறேன் சார்."

"எப்படிய்யா ஓடுது?"

"இன்னா சார் இப்படிக் கேக்கறீங்க? ஆண்டவர் வெயில் குடுக்கறாரு, ஓடுது."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். தாமோதரனுக்குக் காது சிவந்துபோயிற்று.

திருட்டுக் கரண்ட்! வேறென்ன? எந்தக் கம்பத்திலோ கொக்கி போடுகிறான். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டியதுதான்.

மறுநாளே பின்தொடர்ந்தார். மத்தியானம் எட்மண்ட் வண்டியைத் தாமோதரன் தெருவிலேயே நல்ல வெயிலில் நிறுத்திவிட்டு, அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனார். தாமோதரன் தெருமுனையில் பதுங்கி நின்றார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து ஒயர் ஒன்று இறங்கி வண்டிக்கு வந்தது.

அவர் வீட்டு ஜன்னல்.

"சரோஜா! என்னடி பண்றே?"

சரோஜம்மா திடுக்கிட்டு வாயில் விரல் வைத்தாள். "கத்தாதீங்க! அவருக்குத் தெரியாது."

"யாருக்கு?"

"எட்மண்டுக்குத்தான். ஒருநாள் நம்ம வீடு, ஒருநாள் பக்கத்து வீட்டு வின்னி. தெருவுல எல்லாரும் முறை வெச்சு சார்ஜ் போடறோம்."

"நேரா அவன்கிட்டயே சொல்லிக் குடுக்கறதுதானே?"

"வாங்கமாட்டாருங்க. வேலை போனதுலேர்ந்து யார்கிட்டயும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கறதில்ல. சூரியன் குடுத்தா மட்டும் வாங்கிக்கறாரு." ஒயரைச் சரி பண்ணிக்கொண்டே சொன்னாள்: "நீங்க கணக்குப் போட்டுக் காட்டினா, அந்த மனுஷன் வண்டியை அன்னைக்கே நிறுத்திடுவாரு. மூச்சு வாங்கறவங்க அப்புறம் நடந்தா போவாங்க?"



சாயந்திரம் தாமோதரன் சங்கத்துக்குப் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக, "என் கணக்குதான் தப்பு. சோலார் அருமையா வேலை செய்யுது," என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"பெரிய இன்ஜினியரு!" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னது நன்றாகவே கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

எட்மண்ட்தான் அவரை வீட்டுக்கு ஏற்றிப் போனார். ஒரு நல்ல மனுஷனின் நம்பிக்கையைக் காப்பாற்றிவிட்ட பெருமை தாமோதரன் முகத்தில் வழிந்தது. எட்டி எட்மண்டின் தோளைத் தட்டினார்.

"உன் பலகை பிரமாதம்ப்பா."

எட்மண்ட் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"சார், மத்தியானம் நீங்க தெருமுனையில நின்னதைப் பாத்தேன். உண்மையைக் கண்டுபிடிச்சுட்டும் சொல்லாம வுட்டீங்களே, அதுக்காகச் சொல்றேன். உங்க வீட்டம்மா காதுக்கு மட்டும் போவக்கூடாது."

"என்னது?"

"பலகை போன மழையிலயே செத்துப்போச்சு சார். கழட்டிட்டா, அவங்கல்லாம் எந்தச் சாக்குல எனக்குக் கரண்ட் குடுப்பாங்க?"